சினோராவின் மேசைக்கு ஐந்து தட்டு

மணி அடித்தபோது என் வலது கையில் சோறும் பருப்பும் குழைந்திருந்தன.

அந்த நீண்ட மேசையில் நான் அதுவரை ஒருநாளும் இருந்ததில்லை. துடைத்திருக்கிறேன். தட்டு வைத்திருக்கிறேன். ஒரு கால் ஆடியபோது மட்டையை மடித்துக் கீழே செருகியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். எதிரே சினோரா ஆதா பேனாவைக் கடதாசிக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

கதவைத் திறப்பது என் வேலை. அந்த வீட்டில் மணி இரண்டாம் முறை அடிக்க நான் விட்டதில்லை. வாசலில் நிற்பவர் யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் எழும்பினால் என்ன முடிந்துபோகும் என்பதும் தெரியும்.

வாசிக்கிற உங்களுக்குத் தெரியாது. ஆகவே கையிலுள்ள சோறு காய்ந்தாலும் பரவாயில்லை, முதலிலிருந்து வருகிறேன்.

ஒரு திருத்தம்

சென்ற கிழமை சினோராவின் வீட்டுக்குப் பதின்மூன்று யன்னல்கள் என்று எழுதி அனுப்பினேன். முப்பது என்று அச்சாகியிருக்கிறது. முப்பது யன்னல் அரண்மனைக்கு இருக்கலாம். அது இத்தாலியில் பலெர்மோவில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவொன்றில் மூன்றாம் மாடி வீடு. பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன்.

"அதை ஆர் ஐயா எண்ணப் போகினம்?" என்றார்.

நான் எண்ணினேன். ஒவ்வொரு கிழமையும் அவற்றைத் துடைத்தவன் நான்தான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சினோரா என்றால் இங்கே அம்மணி. சினோரா ஆதா நாவலாசிரியர். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரைப் பற்றியே ஏழு நாவல்கள் எழுதியவர். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். நாட்டுச் சண்டையில் மனைவியை இழந்து, இங்கே வந்து பல வருடம் மாடிப்படியும் முதலாளிமார் வீடுகளும் கழுவி, பிறகு சினோராவின் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்த்தவன். எங்கள் ஆட்கள் என்னை மாஸ்டர் என்பார்கள். அதைக் கேட்டுச் சினோராவும் தன் மொழியில் மயெஸ்த்ரோ என்று கூப்பிடத் தொடங்கினார். அவர் பேசியது இத்தாலியன். என் நினைவில் அது எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

விருந்தாளி வராத விருந்து

வேலைக்குப் போன முதல்நாள். எழுத்தறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மேசைக்கு எனக்கு ஒண்டு, அதோடை இன்னும் ஆறு வையுங்கோ."

ஏழு பேர். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏழு பேர் வருகிறார்கள் என்றால் ஒன்பது பேருக்குச் சமைப்போம். சொல்லாமல் வருகிறவனை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, இருந்த பாஸ்தா முழுவதையும் போட்டேன். சாளை மீனும் பெருஞ்சீரகக் கீரையும் போட்ட குழம்பு. அதை முதலாளிமார் வீடுகளில் பார்த்துப் பழகியிருந்தேன். சாளை மீன் நாற்பத்தொன்று இருந்தது.

தட்டு வைத்தேன். கத்தி, முள்ளுக்கரண்டி, துணி எல்லாம் வைத்தேன். வாசல் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒருவரும் வரவில்லை. சினோரா அறையிலிருந்து வந்து, மேசையின் தலைப்பக்கக் கதிரையில் இருந்து, பானையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் ஆருக்கு?"

"வாறவைக்கு, சினோரா."

அவர் வெறும் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமெடுத்தது.

"அவையள் சாப்பிடமாட்டினம், மயெஸ்த்ரோ. அவையள் இன்னும் முழுசாய்ப் பிறக்கேல்லை."

அப்போதுதான் விளங்கியது. எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ, அத்தனை தட்டு மதியச் சாப்பாட்டுக்கு வைக்கவேண்டும். சாப்பாடு போடவேண்டியதில்லை. சினோரா அவர்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அடுத்த அத்தியாயத்தில் யார் யாரோடு கோபம், யார் எழுந்து போகிறார், எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். கதையில் ஒருவர் செத்தால் அன்று ஒரு தட்டுக் குறையும்.

மிஞ்சிய பாஸ்தாவைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பழைய குடியிருப்பான போர்கோ வெக்கியோவுக்குப் போனேன். அங்கே சந்தைக்குப் பின்னால் தவம் இருந்தான். வன்னிப் பெடியன், சண்டை முடிந்தபின் வந்தவன், மீன்கடையில் வேலை. இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் பெடியன்தான்.

"மாஸ்டர், உந்த மனிசிக்கு விசர்," என்றான் வாயில் மீனோடு. "இல்லாத ஆக்களுக்குப் பீங்கான் வைக்கிறியள்."

"கழுவுற வேலை குறைவு," என்றேன்.

"அப்ப அடுத்த புத்தகத்திலை இன்னும் நாலு பேரைச் சேர்க்கச் சொல்லுங்கோ. எங்களுக்கும் சாப்பாடு வரும்."

அண்ணன் சாப்பிட்ட உருளைக்கிழங்கு

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சினோரா ஒரு மழைநாளில் சொன்னார். பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை அழகாக எழுதிவிட்டார்கள் என்று அவருக்கு மனக்குறை. எனக்குச் சொன்னதை அலங்காரமில்லாமல் தருகிறேன்.

அவர் பிறந்தது இதே போர்கோ வெக்கியோவில், ஒற்றை அறை வீட்டில். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மூத்த அண்ணன் பெல்ஜியத்துக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். அதன்பின் தாய் ஒவ்வொரு மதியமும் அவனுக்குத் தட்டு வைத்தாள். தட்டுக்கு எதிரே சின்ன ஆதாவை இருத்தி, "அண்ணா இண்டைக்கு என்ன சாப்பிடுறான்?" என்று கேட்பாள். பிள்ளை பதில் சொல்லவேண்டும்.

"உருளைக்கிழங்கு."

"நேற்றும் உருளைக்கிழங்குதானே சொன்னனி."

அதனால் பிள்ளை மாற்றிச் சொல்லப் பழகியது. இன்று முட்டை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் கொடுத்தது. அவன் ஏன் கொடுத்தான்? அவனுக்குப் பல்வலி. இப்படிப் போய், பல்வலிக்காரனுக்கு ஒரு காதலியும் அவளுக்கு ஒரு முரட்டுத் தகப்பனும் வந்துவிட்டார்கள். தாய் எல்லாவற்றையும் நம்பினாள்.

"அண்ணா திரும்பி வந்தவரோ?" என்று கேட்டேன்.

"வந்தான். கொழுத்துப்போய் வந்தான். அந்தக் கதிரையிலை இருக்கேல்லை, வேறை கதிரையிலை இருந்தான். நான் சொன்ன ஒருத்தரையும் அவனுக்குத் தெரியேல்லை. அம்மாவுக்கு அவனிலை பெரிய ஏமாற்றம்."

பரிசும் கதிரைகளும்

இலக்கிய வாழ்க்கை என்று எழுதினால் பெரிதாகத் தோன்றும். சினோரா ஊரின் ஓரத்தில் பிரான்காச்சோவில் தொழிற்பள்ளி ஒன்றில் இத்தாலியன் படிப்பித்தபடி எழுதினார். பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். முதல் மூன்று நாவல்களை இந்த ஊரிலேயே சின்னப் பதிப்பகம் ஒன்று போட்டது. வாசித்தவர்களின் முகம் அவருக்குத் தெரியும்.

நாலாவது நாவல், சட்டை தைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. வடக்கே பெரிய பரிசு கிடைத்தது. இரவல் மேலங்கி போட்டுக்கொண்டு மேடையேறினாராம். கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் பலெர்மோவில் நடக்கும் மாஃபியாக் கொலைகளைப் பற்றியே கேட்டார்கள்.

"என்ரை புத்தகத்திலை ஒருத்தரையும் சுடேல்லை எண்டு சொன்னன்," என்றார். "பரிசைத் திருப்பி வாங்கிப்போடுவினமோ எண்டு பயந்தன். அவ்வளவு கவலைப்பட்டினம்."

நான் சிரித்தேன். யாழ்ப்பாணம் என்று சொன்னவுடன் என்னிடமும் ஒரே கேள்விதான் வரும்.

அதன்பின் சில வருடம் வெளிச்சம். தொலைக்காட்சியில் படம், பிறமொழிகளில் புத்தகம், வாசலில் பூங்கொத்து. கணவர் இருந்த காலமும் அதுதான். பிள்ளைகள் இல்லை. கணவர் செத்தார், வெளிச்சம் மெதுவாகக் குறைந்தது. நான் வந்தது குறைந்தபிறகு.

நான் அங்கே இருந்த காலத்தில் வந்த ஆறாவது நாவலுக்கு வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் ஒரு புத்தகக்கடையில் கூட்டம் வைத்தார்கள். கதிரை நாற்பது. நிரம்பியது பத்தொன்பது. அதில் நானும் தவமும் அடக்கம். தெருவில் சனம் தோளோடு தோள் உரசிப் போனது. கண்ணாடிக்கு அப்பால் ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு நகர்ந்தது. சினோரா வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் வெறும் கதிரைகளில்தான் முதலில் நின்றது. அவருக்கு அது பழக்கமான காட்சி என்று அப்போது நினைத்தேன். தட்டு வேறு, வாசகர் வராத கதிரை வேறு என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே வந்ததும் தவம் சொன்னான்: "இவ்வளவு கதைச்சினம் மாஸ்டர், ஒரு பிளேன்ரீ குடிக்கத் தரேல்லை."

சுவருக்கு இரண்டு பக்கம்

முதல் மாதத்திலேயே சினோரா என்னை மேசைக்குக் கூப்பிட்டார். "வாங்கோ, இஞ்சை இருந்து சாப்பிடுங்கோ. இடம் கிடக்குத்தானே."

மறுத்துவிட்டேன். எனக்குச் சோறு வேண்டும், அதைக் கையால் குழைத்துச் சாப்பிடவேண்டும். அந்த வெள்ளை விரிப்புக்கு முன்னால் அது சரிவராது என்று பட்டது. பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கினவன் ஒரு வீட்டில் வேலைக்காரனாக நிற்கிறேன். நிற்பது பரவாயில்லை. அந்த மேசையில் இருந்தால்தான் எனக்கு என்னைத் தெரியாமல் போகும். இது சினோராவுக்கு எப்படி விளங்கியதோ தெரியாது, இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆகவே அவர் மேசையிலும் நான் குசினி முக்காலியிலும் சாப்பிட்டோம். நடுவில் ஒரு சுவர். அவருடைய கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்கும். என் கையிலிருந்து அவருக்கு ஒரு சத்தமும் போயிருக்காது.

வருடக்கணக்காக அப்படி. என் மகன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியில் முகம் காட்டுவான், அவனுக்குப் பின்னால் எப்போதும் கார்க் கண்ணாடி. மற்ற நாட்களில் நான் வாய் திறந்து கதைத்த ஆள் சினோரா ஒருவர்தான். அவருக்கும் என்னைவிட்டால் தட்டுகள்.

ரிக்கார்தோவின் நிபந்தனை

ஏழாவது நாவல் தொடங்கியபோது சினோரா எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். ஐந்து தட்டு. மருந்துக்கடைக்காரர், அவருடைய தங்கை, இரட்டைச் சகோதரர்கள், கப்பற் கம்பனியில் கணக்கெழுதி ஓய்ந்த ஒரு கிழவர்.

அந்த வருடம் சினோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பின் அடுப்பை அணைக்க மறந்தார். ஒருநாள் என்னிடம் தன் கணவர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு, கேட்டது நினைவு வந்து, யன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய அக்காவின் மகன் ரிக்கார்தோ வடக்கே தொரீனோவில் பொறியியலாளர். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. வந்து மேசையைப் பார்த்துவிட்டு, குசினியில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உங்களுக்கு இது விநோதமாய்த் தெரியேல்லையோ?"

"இல்லை," என்றேன். "எங்கடை வீடுகளிலையும் இல்லாத ஆக்களுக்குச் சாப்பாடு வைக்கிறனாங்கள்."

அவர் என்னையும் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

கடைசியில் சித்திக்கும் பெறாமகனுக்கும் ஓர் உடன்பாடு வந்தது. புத்தகம் முடியும்வரை சினோரா இங்கே இருக்கலாம். முடிந்ததும் தொரீனோவுக்கு, ரிக்கார்தோவின் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கு. இந்த வீடு பூட்டப்படும்.

புத்தகம் முடியும்வரை. அந்த நாளிலிருந்து மேசையில் குறையும் ஒவ்வொரு தட்டும் எனக்கு நெஞ்சில் இடித்தது.

மருந்துக்கடைக்காரரின் எட்டு

முதலில் போனது மருந்துக்கடைக்காரர்.

"இண்டைக்கு நாலு," என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

"ஆர் போனது, சினோரா?"

"மருந்துக்கடை. மாரடைப்பு. கடைக்குள்ளையே."

ஒரு தட்டைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். ஆனால் மனம் ஒருமாதிரி இருந்தது. அந்த மனிதருக்கு எத்தனை மாதம் தட்டு வைத்திருக்கிறேன். எங்களில் ஒருவர் செத்தால் எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். படைக்காமல் விட்டால் அவர் பசியோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் எட்டாம் நாள் வந்ததும் கை தானாகவே ஐந்தாவது தட்டை எடுத்தது.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. எங்கள் முறையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம் வைத்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தேன்.

சினோரா வந்தார். தட்டுகளைப் பார்த்தார். நாலு வெறும் தட்டு, ஒன்றில் ஆவி பறக்கும் சோறு. அவர் முகம் வெளுத்தது. நான் செய்தது பிழை என்று அப்போதுதான் உறைத்தது. மறதி தொடங்கிய மனிசிக்கு முன்னால் செத்தவனின் தட்டைத் திரும்ப வைத்திருக்கிறேன்.

"அவர் சாகேல்லையோ?" என்று கேட்டார். "நான் எழுதேல்லையோ?"

"எழுதினீங்கள், சினோரா. அவர் போயிட்டார். இண்டைக்கு அவருக்கு எட்டு."

விளக்கினேன். சாகிறவர் உடனே போய்விடமாட்டார் என்றேன். பிடித்ததைக் கொடுத்து அனுப்பவேண்டும் என்றேன்.

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தார். "எங்கடை செத்த ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கா வருவினம். வந்து பிள்ளையளுக்குச் சீனிப் பொம்மை தருவினம். உங்கடை ஆக்கள் வாங்கிச் சாப்பிட வருகினம் என்ன." பிறகு அப்பளத்தில் ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டார். "இவருக்கு என்ன பிடிக்கும் எண்டு நான் யோசிக்கவேயில்லை."

அன்று இருட்டிய பிறகும் எழுத்தறையில் விளக்கு எரிந்தது. அடுத்தநாள் குரல் வந்தது:

"அஞ்சு வையுங்கோ."

மருந்துக்கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார். செத்தவராகவே வந்தார், ஆனால் கதையில் அவருக்குப் பசி இருந்தது, ஆறு புது அத்தியாயங்களும் இருந்தன. புத்தகம் நீண்டது. ரிக்கார்தோ தொலைபேசியில் பெருமூச்சு விட்டார். நான் குசினியில் கத்தரிக்காய் நறுக்கினேன்.

அவருக்குப்பின் தங்கை, அதன்பின் இரட்டையரில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் எட்டுப் படைத்தேன். வழக்கத்துக்காகச் செய்தேனா, புத்தகம் முடியக்கூடாது என்று செய்தேனா என்று தவம் கேட்டான்.

"இரண்டும்தான்," என்றேன்.

"அந்த மனிசிக்கும் தெரியும் மாஸ்டர். அவவும் சாட்டுக்குத்தான் சாப்பிடுறா."

ஒன்று

ஆனாலும் ஒருநாள் கதை தன் பாட்டில் போகத்தான் செய்யும். சினோரா எழுதுவது நாளுக்கு ஒரு பந்தியாகிப்போனது. எழுதியதையே மறுநாளும் எழுதினார். அது அவருக்குத் தெரிந்தபோது வந்த பயத்தை நான் பார்த்தேன். மறப்பதற்கு முன் முடிக்கவேண்டும் என்று அவரே தீர்மானித்தார். எட்டுப் படைத்துத் திரும்பி வந்தவர்களையும் ஒவ்வொருவராக அனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ரிக்கார்தோ விமானத்தில் வருவதாக இருந்தது. பெட்டிகள் மூன்று, கூடத்தில் கட்டிவைத்திருந்தேன். அன்று காலையில் குரல் சொன்னது:

"ஒண்டு."

கப்பற் கணக்கர். எல்லோரும் போனபின் மேசையில் தனியே இருக்கும் கிழவர். தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். சினோரா கடதாசிகளோடு வெளியே வந்து நின்றார். எழுதும் வேலையை மேசைக்குக் கொண்டுவந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"கடைசிப் பக்கம்," என்றார். "இவர் எழும்பினால் புத்தகம் முடிஞ்சுது. ஆனால் எனக்கு இவரைக் காண ஏலாமல் கிடக்கு, மயெஸ்த்ரோ. வெறும் கதிரைதான் தெரியுது. வெறும் கதிரை இதுக்கு முன்னம் எனக்கு ஒருக்காலும் வெறுமையாய் இருந்ததில்லை."

நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன்.

"வந்து இருங்கோ. உங்கடை சாப்பாட்டைக் கொண்டுவாங்கோ. எப்பிடிச் சாப்பிடுறனீங்களோ அப்பிடியே."

குசினிக்குப் போய்ச் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்தேன். இருந்தேன். இடது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தேன். வலது கையால் குழைத்து ஒரு வாய் வைத்தேன். சினோரா என் விரல்களைப் பார்த்தார், எழுதினார், பார்த்தார், எழுதினார். பேனா கடதாசியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எத்தனை வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியே சாப்பிட்டேன் என்பது, இந்தப் பக்கம் வந்தபோதுதான் எனக்குப் பாரமாகத் தெரிந்தது.

"சோறு இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"கிடக்கு."

"அப்ப அவசரமில்லை."

மணி அடித்தது.

இங்கேதான் தொடங்கினேன். சினோராவின் பேனா நின்றது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியே நல்ல வெயில். ரிக்கார்தோ மேலங்கியும் பெட்டியுமாக நிற்பார், கீழே வாடகைக் கார் காத்திருக்கும்.

மணி இரண்டாம் முறை அடித்தது. நான் அசையவில்லை. அந்த வீட்டில் அது புதிது.

மூன்றாம் முறை நீளமாக அடித்தது. என் கால்கள் என்னைக் கேட்காமல் எழும்பிவிட்டன. கையில் சோறோடு போய், இடது கையால் கதவைத் திறந்தேன்.

திரும்பி வந்தபோது சினோரா பேனாவை மூடியிருந்தார். கடதாசிகளை அடுக்கி ஓர் உறையில் போட்டு ரிக்கார்தோவிடம் கொடுத்தார். எனக்குக் கையைத் தந்தார். என் கை கழுவாத கை என்றேன். பரவாயில்லை என்று பிடித்தார்.

வீட்டுக்கு வந்தவர்

பெட்டிகள் மூன்றும் இறங்கின. பதின்மூன்று யன்னல்களையும் நான்தான் பூட்டினேன்.

குளிர்காலம் முடியும்போது ரிக்கார்தோவிடமிருந்து மரியாதையான ஒரு குறுஞ்செய்தி வந்தது. சித்தி நித்திரையிலேயே போய்விட்டார், அடக்கம் முடிந்துவிட்டது, எனக்கு நன்றி. எட்டாம் நாள் எப்போதோ கடந்திருந்தது.

பிந்தினாலும் செய்தேன். இப்போது நான் இருப்பது பிரான்காச்சோவில், அரசாங்க மாடிக் கட்டடத்தில் ஓர் அறை. லிப்ட் பாதிநாள் வேலை செய்யாது. சின்ன மேசை. அதில் எள்ளுத் தூவிச் சுட்ட பாண், சாளை மீன் பாஸ்தா, அவர் கடித்துப் பார்த்து விரும்பிய அப்பளம், ஒரு கிண்ணம் தண்ணீர். தட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தேன். சினோரா ஆதா என் வீட்டுக்கு வந்தது அன்றுதான்.

வசந்தத்தில் புத்தகம் வந்தது. வியா மக்வேதாவில் அதே கடையின் கண்ணாடிக்குள் ஏழு பிரதிகள் அடுக்கியிருந்தார்கள். ஒன்று வாங்கி, வாசலிலேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். என் இத்தாலியன் மெதுவானது, ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போதும்.

கிழவர் தனியே மேசையில் இருக்கிறார். கையால் சோறு சாப்பிடுகிறார். வாசல் மணி அடிக்கிறது. இரண்டாம் முறை அடிக்கிறது. மூன்றாம் முறை நீளமாக அடிக்கும்போது அவர் தட்டை முன்னால் நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார்.

அவ்வளவுதான். அதன்பின் வெற்றுத்தாள்.

சனம் இடித்துக்கொண்டு போனது. தள்ளி நின்று மறுபடியும் வாசித்தேன். நான் கதவைத் திறக்கப் போன நேரத்தில் அவர் அதை எழுதியிருக்கவேண்டும்.

சென்ற ஞாயிறு மதியம் சாப்பாட்டின் முன் இருந்தபோது மணி அடித்தது. தவம்தான், மீன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். மறுபடி அடித்தான். பிறகு கதவைத் தட்டினான்.

"மாஸ்டர், உள்ளுக்கை இருக்கிறியளோ?"

"ஓம், இருக்கிறன்," என்று சத்தமாகச் சொன்னேன்.

சட்டியை இழுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.